முழுப் பறவை

நார்மன் ராக்வெல்லின் அந்த ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேஜை, இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள். மேஜையின் தலைப்பக்கத்தில் ஒரு பாட்டி குனிந்து பெரிய தட்டு ஒன்றை இறக்கி வைக்கிறாள், பின்னால் தாத்தா நிற்கிறார். தட்டில் ஒரு முழு வான்கோழி, பொன்னிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல். ரூஸ்வெல்ட் 1941 ஜனவரியில் பேசிய நான்கு சுதந்திரங்களில் ஒன்றான 'இல்லாமையிலிருந்து விடுதலை'க்காக ராக்வெல் வரைந்தது. 1943 மார்ச் 6 அன்று 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் வந்தது. கூடவே வந்த கட்டுரையை எழுதியவர் கார்லோஸ் புலோசான். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து அமெரிக்கத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்த எழுத்தாளர். கட்டுரையை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு, படம் மட்டும் நவம்பர் தோறும் திரும்பி வருகிறது.

அமெரிக்க வீடுகளில் வான்கோழி சமைக்கும் முறைகளைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது ஒரு சின்னக் கேள்வியால்தான். ஆண்டுக்கு ஒரு நாள் சமைக்கிற ஒரு பண்டத்துக்கு ஏன் இத்தனை முறைகள்? தலைகீழாக வை, ஈரத்துணி போர்த்து, உப்புத் தண்ணீரில் ஊறப் போடு, எண்ணெயில் முக்கு, முதுகெலும்பை வெட்டியெறி. நம்மூரில் இட்லிக்கு இப்படி வருஷா வருஷம் புது வழி யாரும் கண்டுபிடிப்பதில்லை. அது தீர்ந்துபோன கணக்கு. வான்கோழி தீராத கணக்கு. ஏன் தீரவில்லை என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் அந்தப் படத்தின் முன்னால்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் கறியைப் பார்த்துவிடுவோம். வான்கோழி அடிப்படையில் நடக்கிற பறவை. காட்டு வான்கோழி பகலெல்லாம் தரையில் நடந்து இரை பொறுக்கும். ஆபத்து வந்தால் சட்டென்று எழும்பிப் பறக்கும், இரவில் மரத்தில் அடையும். ஆகவே காலில் இருப்பது நாள் முழுக்க உழைக்கும் தசை. கருஞ்சிவப்பு, கொழுப்பு, நிறைய இணைப்புத் திசு. நெஞ்சில் இருப்பது அவசரத்துக்கு மட்டும் வேலை செய்யும் வெள்ளைத் தசை. தொடைக்கறி மெதுவாக 80 பாகை செல்சியஸ் வரை போனால்தான் உள்ளிருக்கும் கொலாஜன் கரைந்து பதமாகும். நெஞ்சுக்கறிக்கு 65 பாகையே போதும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் தசைநார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். 75-ஐத் தாண்டினால் வாயில் வைக்கோல்.

பிரச்சினை இவ்வளவுதான். ஒரே எலும்புக்கூட்டில் ஒட்டியிருக்கும் இரண்டு கறிகளுக்கு இரண்டு வேறு வெப்பம் வேண்டும். வெட்டித் தனித்தனியாகச் சமைத்தால் அந்த நிமிடமே முடிந்தது. இது சமையல் தெரிந்த எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் தெரியும். ஆனால் பறவை முழுசாக மேஜைக்கு வர வேண்டும். நான் படித்த முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிபந்தனையோடு போட்ட சமரசங்கள்.

சரி, அந்த நிபந்தனையை யார் போட்டது?

1621-ல் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த அறுவடை விருந்து என்றுதான் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருகிறார்கள். அந்த விருந்தைப் பற்றிக் கையில் இருக்கும் நேரடிச் சான்று எட்வர்ட் வின்ஸ்லோ ஊருக்கு எழுதிய ஒரு கடிதம். அதில் விருந்துக்காக நான்கு பேர் பறவை வேட்டைக்குப் போனது வருகிறது. மாஸசாய்ட் என்ற வாம்பனோக் தலைவர் சுமார் 90 ஆட்களோடு வந்ததும், அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்ததும் வருகின்றன. வான்கோழி என்ற சொல் இல்லை. ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் அந்த இலையுதிர்காலத்தில் காட்டு வான்கோழிகள் ஏராளம் கிடைத்ததாக வேறு இடத்தில் எழுதியிருக்கிறார், அதனால் அந்த மேஜையில் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். உறுதியாகப் பெயர் சொல்லக்கூடிய கறி மான்கறிதான். அதைக் கொண்டுவந்தவர்கள் வாம்பனோக்குகள்.

வான்கோழியை மேஜையின் நடுவில் வைத்தது ஒரு நாவல். சாரா ஜொசஃபா ஹேல் 1827-ல் வெளியிட்ட 'நார்த்வுட்'டில் ஒரு நியூ இங்கிலாந்து வீட்டின் தேங்க்ஸ்கிவிங் விருந்து விரிவாக வருகிறது. பூரணம் அடைத்துச் சுட்ட வான்கோழிக்கு அங்கே மேஜையின் தலைப்பக்கம். பிளிமத் விருந்துதான் 'முதல் தேங்க்ஸ்கிவிங்' என்று அலெக்சாண்டர் யங் ஓர் அடிக்குறிப்பில் எழுதியது 1841-ல். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பறவை மேஜைக்கு வந்தது, அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு ஒரு தொன்மம் கிடைத்தது. ஹேல் பிறகு 'கோடீஸ் லேடீஸ் புக்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்து வருஷா வருஷம் தலையங்கம் எழுதினார், ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதம் போட்டார். உள்நாட்டுப் போரின் நடுவே 1863-ல் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். ஒரு பிரதேசத்தின் நடுத்தர வர்க்கச் சாப்பாட்டு மேஜை தேசத்தின் மேஜையானது இப்படித்தான்.

மான் கொண்டுவந்தவர்களின் வாரிசுகளுக்கு அந்த மேஜையில் என்ன இடம் என்பதற்கும் ஒரு தேதி இருக்கிறது. மேஃப்ளவர் கப்பல் வந்து 350 ஆண்டு ஆனதைக் கொண்டாட 1970-ல் வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக்கைப் பேச அழைத்தார்கள். என்ன பேசப்போகிறார் என்று உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்த அமைப்பாளர்கள் அது வேண்டாம் என்றார்கள். அவர் விருந்துக்குப் போகவில்லை. அந்த ஆண்டின் தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத்தில் மாஸசாய்ட் சிலை நிற்கும் கோல்ஸ் ஹில்லில் ஆட்கள் கூடினார்கள். அன்று முதல் அங்கே அது தேசிய துக்க நாள்.

ஹேல் நாவல் எழுதிய காலத்தில் அந்த வான்கோழி எப்படி வெந்திருக்கும்? ஓவனில் அல்ல, திறந்த அடுப்பங்கரையில். கம்பியில் கோத்து நெருப்புக்கு முன்னால் திருப்புவார்கள். 'டின் கிச்சன்' என்று ஒரு சாதனம் இருந்தது. பீப்பாயை நெடுக்காகப் பிளந்தது போன்ற தகரப் பெட்டி, திறந்த பக்கம் நெருப்பைப் பார்க்கும், பின்பக்கத்து வளைவு அனலைத் திருப்பிப் பறவை மேல் அடிக்கும். கறியை எட்டிப் பார்க்கவும் வடியும் கொழுப்பை அள்ளி ஊற்றவும் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதுவும் இல்லாத வீட்டில் ஒரு கயிறு போதும். பறவையைக் கயிற்றில் கட்டி அடுப்புக்கு முன் தொங்கவிட்டு முறுக்கி விட்டால் ஒரு பக்கமாகச் சுற்றி ஓய்ந்து, மறுபக்கமாகச் சுற்றும். பக்கத்தில் ஒரு குழந்தையை உட்கார வைத்தால் ஓயும்போதெல்லாம் முறுக்கிவிடும்.

எனக்கு இந்த முறைமேல் ஒரு மரியாதை உண்டு. நெருப்பு ஒரு பக்கம்தான் இருக்கிறது, பறவை கையில் இருக்கிறது. எந்தப் பகுதியை எவ்வளவு நேரம் அனலுக்குக் காட்டலாம், எதை விலக்கலாம் என்று சமைப்பவள் தீர்மானிக்கலாம். சுற்றிலும் காற்றோட்டம் இருப்பதால் தோல் மொறுமொறுவென்று வரும். ஆங்கிலத்தில் 'ரோஸ்ட்' என்றால் அன்று இதுதான். பெட்டிக்குள் வைத்துச் சமைத்தால் அதற்குப் பெயர் 'பேக்'. இன்று ரோஸ்ட் என்று நாம் சொல்வது முழுவதும் அந்தக் காலக் கணக்கில் பேக்தான்.

அமெரிக்கர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூலாகக் கருதப்படுவது அமேலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி'. 1796-ல் ஹார்ட்ஃபோர்டில் வந்தது. அதில் பூரணம் அடைத்த வான்கோழி இருக்கிறது, தொட்டுக்கொள்ள கிரான்பெரி சாஸ் இருக்கிறது, கூடவே 'மாங்கோ'வும் இருக்கிறது. கனெக்டிகட்டில் 1796-ல் ஏது மாங்காய்? நம்மூர் மாங்காய் போர்த்துகீசியர் வாயில் 'மாங்கா' ஆகி, ஊறுகாய் ஜாடிகளில் ஏறி இங்கிலாந்துக்குப் போனது. காய் கிடைக்காத குளிர்நாட்டில் பிஞ்சு முலாம்பழம், வெள்ளரி என்று கிடைத்ததைக் குடைந்து மசாலா அடைத்து ஊறவைத்தார்கள், அதற்கும் மாங்கோ என்றே பெயர். பழம் வருவதற்கு முன்பே ஊறுகாயின் பெயர் வந்துவிட்டது. பெயர்க் குழப்பத்தில் பறவையும் சளைத்ததல்ல. மெக்சிகோவில் வீட்டுப் பறவையாக்கப்பட்ட இதை ஆங்கிலேயர் துருக்கிக்காரன் என்கிறார்கள், துருக்கியர் 'ஹிந்தி' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்தது என்ற பொருளில் 'தாந்த்' என்கிறார்கள், டச்சுக்காரர் கோழிக்கோட்டை வைத்து 'கால்கூன்' என்கிறார்கள். இந்தியாவுக்கு அது வந்ததோ கடல் சுற்றி. 1612-ல் முகர்ரப் கான் கோவாவில் வாங்கி ஜஹாங்கீருக்குக் கொண்டுபோனார், உஸ்தாத் மன்சூர் அதை வரைந்தார். மன்சூரின் வான்கோழி உயிரோடு நிற்கிறது. ராக்வெல்லின் பறவையைவிட எனக்கு அது பிடிக்கும்.

இன்னொரு முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது செத்துப்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமையல் புத்தகங்களில் வான்கோழியைத் தண்ணீரில் மெதுவாக வேகவைத்து, சிப்பி போட்ட வெள்ளை சாஸ் ஊற்றிப் பரிமாறும் செய்முறை சகஜமாக வரும். கறிக்கு அது நல்ல வழி. தண்ணீர் 100 பாகைக்கு மேல் போகாது, மெல்லக் கொதித்தால் நெஞ்சு காயாது. ஆனால் வெளிறிய பறவை. பொன்னிறம் கிடையாது. அது எப்படி வழக்கொழிந்தது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வார்ப்பிரும்பு அடுப்புகள் வீடுகளுக்குள் பரவின. விறகு மிச்சம், புகை குறைவு, குனிந்து சாக வேண்டாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் பறவை முதல் முறையாக ஒரு மூடிய பெட்டிக்குள் போனது. அனல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெப்பமானியும் இல்லை. கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்க முடிகிறது என்பதுதான் அளவு.

1896-ல் வந்த ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம் அளவுக் கரண்டியை அமெரிக்கச் சமையலறைக்குள் கொண்டுவந்த புத்தகம் என்று பேர் வாங்கியது. அதில் வான்கோழிக்கு வெண்ணெயும் மாவும் குழைத்துப் பூசச் சொல்கிறார். பிறகு கால் மணிக்கு ஒரு தரம் வடிந்த கொழுப்பை மேலே ஊற்ற வேண்டும். நாலரைக் கிலோப் பறவைக்கு மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் பன்னிரண்டு தரம் அடுப்புக் கதவைத் திறந்து, கனக்கிற தட்டை இழுத்து, குனிந்து ஊற்றி, மூட வேண்டும். ஊற்றுகிற கொழுப்பு தோலுக்கு நிறம் தரும், உள்ளே நெஞ்சுக்கறிக்குள் அது போவதில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அனல் தப்பி நேரம்தான் நீளும். பன்னிரண்டு தரமும் நிறத்துக்காக.

குனிந்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. ராக்வெல் ஓவியத்தில் தட்டை இறக்கிவைக்கும் பாட்டி உண்மையில் அந்தக் குடும்பத்தின் பாட்டி அல்ல. ராக்வெல் வீட்டில் சம்பளத்துக்குச் சமைத்த பெண்மணி. வான்கோழியைச் சமைத்தவரும் அவர்தான், ராக்வெல் அதை வரைந்து முடித்ததும் சாப்பிட்டுவிட்டார்கள். தேசத்தின் அன்னதாத்தாவாகச் சுவரில் தொங்குபவர் அன்று வேலை நாளில் இருந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் தட்டைப் பிடித்திருக்கும் விதத்தில் கனம் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் மாறியது அடுப்பு மட்டுமல்ல, பறவையே மாறியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் சுவாரசியமான இடம் இது.

1930-களில் நகரத்து அடுக்குமாடி வீடுகளின் ஓவனும் குளிர்பெட்டியும் சின்னவை. பழைய வெண்கல நிற வான்கோழி அதற்குள் போகாது. அமெரிக்க வேளாண் துறை மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு பறவையை உருவாக்க இறங்கியது. சின்னதாக, வெள்ளை இறகோடு, சதைப்பற்றோடு. பெயர் பெல்ட்ஸ்வில் சின்ன வெள்ளை. பெட்டியின் அளவுக்குப் பறவை செய்தார்கள்! 1950-களில் அது வீட்டுக்காரர்களிடம் நன்றாக விற்றது. ஆனால் ஓட்டல்களுக்கும் இறைச்சி ஆலைகளுக்கும் பெரிய பறவைதான் வேண்டும், வளர்ப்பவருக்கும் அதில்தான் லாபம். 1970-களுக்குள் சின்ன வெள்ளை அமெரிக்கச் சந்தையிலிருந்து காணாமல் போனது.

ஜெயித்தது அகன்ற நெஞ்சு வெள்ளை. 1960-ல் ஒரு வான்கோழியின் சராசரி எடை ஏழு கிலோவுக்குப் பக்கம், இன்று அதைப் போல் இரண்டு மடங்கு. கூடுதல் எடையில் பெரும்பங்கு நெஞ்சில் ஏற்றியது. நெஞ்சு பெருத்ததில் சேவலால் இயல்பாகப் புணர முடியாது, செயற்கைக் கருவூட்டல் இல்லாமல் இந்த இனம் ஒரு தலைமுறை தாண்டாது. ஏன் இவ்வளவு நெஞ்சு? அமெரிக்கருக்கு வெள்ளைக் கறி பிடிக்கும் என்பது பாதி. தட்டில் வைத்தால் மேலே தெரிவது நெஞ்சுதான் என்பது மீதி என்று எனக்குப் படுகிறது. ஆக, காய்ந்து போகிற பகுதியைப் பெரிதாக்கினார்கள். பிறகு அது காயாமல் இருக்க வழி தேடினார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளின் சமையல் கண்டுபிடிப்புகளெல்லாம் இந்தப் பறவைக்கு எழுதிய மருந்துச் சீட்டுகள்.

பறவை பெருக்கப் பெருக்கப் பயமும் பெருகியது. உறைந்த பத்துக் கிலோப் பாறை ஒன்றை வாங்கி வருகிறீர்கள். குளிர்பெட்டியிலேயே வைத்து உருக்கினால் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள், அதாவது வியாழக்கிழமைச் சமையலுக்கு முந்தின சனிக்கிழமையே தொடங்க வேண்டும். வெளியே வைத்து உருக்கினால் மேல்பகுதி வெதுவெதுப்பாகி நுண்ணுயிர் பெருகும்போது நடுப்பகுதி இன்னும் பனிக்கட்டியாக இருக்கும். வயிற்றுக்குள் பூரணம் அடைத்தால் அதுவும் உரிய சூட்டுக்கு வர வேண்டும், அது வருவதற்குள் நெஞ்சு கருகாத குறை. இந்தப் பயத்துக்கு 1960-களில் கலிஃபோர்னியா வான்கோழி உற்பத்தியாளர் வாரியம் ஒரு தீர்வு கண்டது. கட்டடக் கூரையில் தீயணைக்கத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளரைப் பார்த்து வந்த யோசனை அது. குறிப்பிட்ட சூட்டில் உருகும் ஒரு துளி உலோகம், அதில் மாட்டிய ஸ்பிரிங், மேலே ஒரு பிளாஸ்டிக் தண்டு. உலோகம் உருகினால் தண்டு எம்பி வெளியே வரும், கறி வெந்துவிட்டது. ஒரே சிக்கல், அது உருகுவது 80 பாகைக்கு மேல். குத்தியிருப்பது நெஞ்சில். தண்டு எம்பும்போது யாருக்கும் வயிற்று வலி வராது, ஆனால் சாப்பிடவும் முடியாது. ஒரு தலைமுறை அமெரிக்கர் வான்கோழி என்றாலே கிரேவி ஊற்றி விழுங்க வேண்டிய பண்டம் என்று நம்பி வளர்ந்ததில் இந்தச் சிவப்புத் தண்டுக்குப் பங்கு உண்டு.

அரசுக் கணக்கும் அப்படித்தான் இருந்தது. 2006 வரை முழுப் பறவைக்கு வேளாண் துறை வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன சூடு, தொடையில் அளந்து, 82 பாகை. அந்த ஆண்டுதான் எல்லாக் கோழியினத்துக்கும் 74 போதும் என்று ஒரே எண்ணுக்கு வந்தார்கள். சால்மொனெல்லா சாவதற்குச் சூடு மட்டும் கணக்கல்ல, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. 65 பாகையில் சில நிமிடங்கள் நின்றாலே போதும் என்று அதே துறை ஆலைகளுக்குத் தரும் அட்டவணைகள் சொல்கின்றன. வீட்டுக்காரருக்கு அட்டவணை கொடுத்தால் குழம்புவார், ஒரே எண் கொடுத்தால் பிழைப்பார் என்பது அரசின் கணக்கு. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எட்டுப் பாகைக்காக எத்தனை கோடி நெஞ்சுகள் வீணாயின!

1981-ல் பட்டர்பால் நிறுவனம் ஆறு மனையியல் நிபுணர்களை உட்கார வைத்து இலவசத் தொலைபேசி உதவி தொடங்கியபோது அந்த முதல் பருவத்திலேயே சுமார் 11,000 அழைப்புகள் வந்தன. பாட்டியிடம் கேட்ட காலம் போய்த் தொலைபேசியில் கேட்கிற காலம். எனக்கு இதில் ஏளனம் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் செய்கிற வேலை கையில் படியாது. நம் வீட்டில் அதிரசப் பாகு மாதிரி, ஒவ்வொரு தீபாவளிக்கும் முதலிலிருந்து பயப்பட வேண்டும்.

1990-களில் எதிர்ப்பக்கம் அடிக்கத் தொடங்கினார்கள். 'குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை 1993-ல் வான்கோழியை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னது. ஆல்டன் பிரவுன் 1999-ல் அதைத் தொலைக்காட்சியில் செய்து காட்டியதும், நாடெங்கும் வாளிகளிலும் ஐஸ் பெட்டிகளிலும் வான்கோழிகள் மிதந்தன. உப்பு தசைப் புரதத்தைக் கொஞ்சம் கரைத்துத் தளர்த்துகிறது, அதனால் சூட்டில் அது இறுகிப் பிழிவது குறைகிறது. கறி கூடுதல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. நெஞ்சு சில பாகை அதிகம் போனாலும் தாங்கும். விலை என்னவென்றால் தோல் ஊறிப்போய் மொறுமொறுப்பு வராது, கறியில் ஒரு பஞ்சுத்தன்மை. 2006-ல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' உணவெழுத்தாளர் ரஸ் பார்சன்ஸ் வாளியைத் தூக்கிப் போட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜூனி கஃபேயில் ஜூடி ராஜர்ஸ் கோழிக்குச் செய்த அதே வேலை. வெறும் உப்பைத் தடவி மூன்று நாள் குளிர்பெட்டியில் விட வேண்டும், அவ்வளவுதான். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரே உப்போடு சேர்ந்து உள்ளே திரும்பும். தோல் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகும். முழுப் பறவைதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். நம்மூரில் கருவாட்டுக்கும் உப்புக்கண்டத்துக்கும் உப்பு தேய்த்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை, நாள் கணக்கு மட்டும் குறைவு.

பார்பரா காஃப்கா வேறு வழியில் போனார். 260 பாகையில் ஓவனை வைத்து, பூரணம் வேண்டாம், எண்ணெய் ஊற்றவும் வேண்டாம், காலைப் பின்பக்கம் பார்த்துத் திணி, ஏழு கிலோப் பறவை இரண்டு மணி நேரத்தில் ரெடி. 1995-ல் வந்த 'ரோஸ்டிங்' புத்தகத்தில் இருக்கிறது. நல்ல முறை, புகை எச்சரிக்கை மணி மட்டும் ஒத்துக்கொள்ளாது.

லூசியானாவில் நண்டும் நன்னீர் இறாலும் அவிக்கிற பெரிய குண்டான்களும், ஜெட் விமானம் மாதிரி இரையும் கேஸ் பர்னர்களும் கொல்லைப்புறங்களில் இருந்தன. கேஜன் சமூகத்தார் அதில் வான்கோழியை முழுசாக எண்ணெயில் பொரிக்கத் தொடங்கினார்கள். 1980-களுக்குப் பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. கடலை எண்ணெய், 175 பாகை, அரைக் கிலோவுக்கு மூன்றரை நிமிடம். ஐந்து கிலோப் பறவை முக்கால் மணிக்குள் முடியும். எண்ணெய் எல்லாப் பக்கமும், வயிற்றுக்குள்ளும் புகுந்து வேகவைப்பதால் நெஞ்சு காய நேரமே இல்லை. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பறவைக்குள் கொஞ்சம் பனிக்கட்டி மிச்சமிருந்தால் அது நீராவியாகும்போது ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும். எண்ணெய் பொங்கி வழிந்து கீழே சுவாலையில் விழும், குண்டானே தீப்பந்தம். அமெரிக்காவில் வீட்டுச் சமையல் தீ விபத்துகள் ஆண்டிலேயே மிக அதிகமாக நடக்கும் நாள் தேங்க்ஸ்கிவிங்தான். இந்தக் குண்டானையே தொடாதீர்கள் என்று தீத்தடுப்புச் சங்கம் ஆண்டுதோறும் கத்துகிறது. நான் கவனித்த ஒன்று: வான்கோழி சமையலறையை விட்டுக் கொல்லைக்கு வந்ததும் ஆண்கள் கரண்டியைப் பிடித்தார்கள். நெருப்பும் ஆபத்தும் அண்டை வீட்டுப் பார்வையாளர்களும் இருந்தால் சமையல் ஆண்பிள்ளை வேலையாகிவிடுகிறது. பாத்திரம் கழுவுவது உள்ளேதான்.

இந்த முறைகளிலேயே மிகப் புத்திசாலித்தனமானது முதுகெலும்பை வெட்டியெடுத்துப் பறவையைப் புத்தகம் மாதிரி விரித்து அழுத்துவது. 2002-ல் மார்க் பிட்மன் 'நியூயார்க் டைம்ஸ்' பத்தியில் முக்கால் மணி வான்கோழி என்று எழுதியது இதைத்தான். கால்கள் ஓரத்தில் விரிந்து அனலை வாங்குகின்றன, நெஞ்சு நடுவில் தடிப்பாக இருந்து மெதுவாகச் சூடேறுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வருகின்றன. கணக்கு கிட்டத்தட்டத் தீர்ந்தது. நான் செய்து பார்த்ததில் இதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் தட்டில் பார்த்தால் லாரி ஏறிய தவளை. தாத்தா பின்னால் நின்று பெருமைப்பட ஏதுமில்லை. இவ்வளவு நல்ல முறை இன்னும் பாதி வீடுகளுக்குள் நுழையாமல் நிற்பது அந்த ஒரு காரணத்தால்தான் என்று நினைக்கிறேன்.

பெல்ட்ஸ்வில் சின்ன வெள்ளை என்ன ஆனது என்று தேடினேன். அதன் ரத்தம் சென்னையில் ஓடுகிறது. நந்தனத்தில் இருந்த அரசு கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி–1' என்பது உள்ளூர்க் கறுப்பு வான்கோழிக்கும் பெல்ட்ஸ்வில் சின்ன வெள்ளைக்கும் பிறந்த கலப்பு. நியூயார்க் அடுக்குமாடி ஓவனுக்காக அளவெடுத்துச் செய்த பறவை, ஓவனே இல்லாத ஊரின் வெயிலுக்குத் தோதாக மாறிப் புறக்கடையில் மேய்கிறது. இங்கே அதைத் தலைகீழாக வைப்பதில்லை, கால் மணிக்கு ஒரு தரம் கொழுப்பு ஊற்றுவதில்லை, தெர்மாமீட்டர் குத்துவதில்லை. தொடை குக்கரில் கூடுதலாக இரண்டு விசில் வாங்கும், நெஞ்சு பிறகு சேரும். கறிக்கடையில் எடை போட்டதும் வெட்டுமரத்தில் வைத்துக் கத்தியை ஓங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள், துண்டின் அளவுக்காக: "குழம்புக்கா, பிரியாணிக்கா?"